பெட்ரோல் குடித்த மண்: பரிசோதனைக் கூடத்துக்குள் ஒரு ரவுண்டு!

மண் மாதிரி எடுக்கப் போகிறவர் அன்று காலை தன் வண்டிக்குப் பெட்ரோல் போடக் கூடாது. முதல் நாள் ராத்திரியே போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சென்ட் அடிக்கக் கூடாது. குப்பியில் நம்பர் எழுத மார்க்கர் கூடாது, பால்பாயின்ட் பேனாதான். போர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை வராத பக்கமாக நின்றுதான் குப்பியின் மூடியைத் திறக்க வேண்டும். கையுறையில் ஒட்டிய ஒரு சொட்டு பெட்ரோல் போதும், நல்ல மண்ணையும் கெட்ட மண் என்று அறிக்கை சொல்லிவிடும்!

தேடப் போவது பென்சீன், டொலுவீன், சைலீன். இந்த மூன்றுமே பெட்ரோலில் இருக்கின்றன. மார்க்கர் மையில்கூட டொலுவீன், சைலீன் இருக்கலாம். இந்த விதிகளைக் கேட்ட மாத்திரத்தில், இந்த வேலையை உள்ளே புகுந்து பார்க்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

வாய்ப்பும் வந்தது. சென்னையில் மூடப்பட்ட பழைய பெட்ரோல் பங்க் ஒன்று. பல வருஷம் பூமிக்கடியில் கிடந்த டேங்குகளைத் தூக்கியாயிற்று. குத்தகை முடிந்து நிலம் உரியவர் கைக்குத் திரும்பப் போகிறது. நாளைக்கு அங்கே வீடு வரும், போர் போடுவார்கள், குழந்தைகள் மண்ணில் விளையாடும். அதற்கு முன்னால் அடிமண் எப்படி இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். இடத்தையும் ஆட்களையும் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததும், ஹெல்மெட்டையும் கனத்த ஷூவையும் மாட்டிவிட்டு என்னையும் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்டார்கள்.

டேங்க் இருந்த குழிக்குப் பக்கத்தில் மேல்மண் கன்னங்கரேலென்று பிசுக்கேறிக் கிடந்தது. குழுவின் மூத்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது வண்டி ஆயில் மேடம், பார்த்தாலே தெரியுது. நம்ம ஆளு கீழ இருக்கான்" என்றார், சிரித்துக்கொண்டே.

நம்ம ஆள்! பெட்ரோலைத்தான் அப்படிச் சொல்கிறார். அது தண்ணீரைவிட லேசானது. கசிந்தால் கடலோர மணலுக்குள் மளமளவென்று இறங்கும். கொஞ்சம் மணல் துகள்களுக்கு இடையில் சிக்கிக்கொள்ளும். மிச்சம் நிலத்தடி நீர் வரைக்கும் போய், அதன் மேல் மிதந்து, பக்கவாட்டில் பரவும். ஐப்பசி மழையில் நீர்மட்டம் ஏறும்போது பெட்ரோலும் ஏறும். சித்திரை வெயிலில் நீர்மட்டம் இறங்க, அதுவும் கூடவே இறங்கும். வருஷா வருஷம் இப்படி ஏறி இறங்கியதில், நடுவில் இருக்கிற மண் முழுவதும் பூசிவிட்ட மாதிரி ஆகிவிடும். 'ஸ்மியர் ஜோன்' என்று இவர்கள் சொல்லும் அந்த அடுக்குதான் இவர்களுக்குப் புதையல். மேலாக ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு போய், 'சுத்தமாக இருக்கிறது' என்று அறிக்கை வாங்குவது சுலபம். அந்த அறிக்கையால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கீழே போனது மேலே வராமல் இருந்துவிடாது என்பதை வடசென்னை நேரில் பார்த்திருக்கிறது. 2013-ல் தண்டையார்பேட்டை வீடுகளின் போர்வெல்லில் பெட்ரோல் வாடையோடு தண்ணீர் வந்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிடங்குக்குப் போகும் பூமிக்கடிக் குழாயில் கசிவு. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரைக்கும் போனது. தெருவில் நடக்கிறவர் கண்ணுக்கு எதுவும் தட்டுப்பட்டிருக்காது. பம்பைப் போட்டவருக்குத்தான் தெரிந்தது.

சரி, எத்தனை அடி ஆழத்தில் மண் எடுப்பது? இங்கேதான் எனக்குப் பிடித்த கட்டம் வந்தது. போர் மெஷின் ஒவ்வொரு ஆழத்திலிருந்தும் நீள நீளமாக மண்ணை உருவி எடுத்துப் போடுகிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சத்தை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, வெளியிலிருந்தே விரலால் நசுக்கிப் பொடித்து, சில நிமிஷம் ஆறப் போடுகிறார்கள். மண்ணில் இருக்கும் ஆவி கவருக்குள் நிறைகிறது. பிறகு கவரைத் துளி திறந்து, கைக்கருவி ஒன்றின் மூக்கை உள்ளே நுழைக்கிறார்கள். அதற்குள் ஒரு குட்டி புறஊதா விளக்கு. அதன் ஒளிக்கு 10.6 எலக்ட்ரான் வோல்ட் வலு. பென்சீன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 9.24 போதும். பிடுங்கியதும் மின்னோட்டம், மின்னோட்டம் வந்ததும் திரையில் எண்! சாக்கடையிலிருந்து கிளம்பும் மீத்தேனுக்கோ 12.6 வேண்டும், இந்த விளக்கால் அதை அசைக்க முடியாது. மீத்தேனைக் கண்டுகொள்ளாமல் இந்தக் கருவி பெட்ரோல் ஆவியைப் பிடிப்பதற்குக் காரணம் அந்த எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம்தான். கேட்டதும் கைதட்டிவிட்டேன்.

முதல் கவர், ஒன்றுமில்லை. அடுத்தது, லேசாக அசைந்தது. அதற்கும் கீழே ஈர மணல் தொடங்குகிற இடத்தில் எடுத்த கவரில் மூக்கை நுழைத்ததும் எண்கள் விறுவிறுவென்று ஏறின. யாரும் பேசவில்லை. மூத்தவர் கையை மட்டும் தூக்கினார். குழுவே ஓடியது.

ஓட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. வெளியே வந்த மண்ணிலிருந்து பென்சீன் அந்த நொடியிலிருந்தே பறக்கத் தொடங்கிவிடும், அதுவும் சென்னை வெயிலில்! நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் பரிசோதனைக் கூடத்துக்குப் போவது வெறும் மணல்தான். முனை வெட்டிய பிளாஸ்டிக் சிரிஞ்சை மண்ணில் குத்தி, சுமார் 5 கிராம் உருளையாக எடுத்து, அப்படியே கண்ணாடிக் குப்பிக்குள் தள்ளுகிறார்கள். குப்பியில் ஏற்கெனவே மெத்தனால் இருக்கிறது. மண் அதில் முங்கியதும் பென்சீன் மெத்தனாலில் கரைந்து அங்கேயே தங்கிவிடும். குப்பியின் வாயில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் மூடி சரியாக உட்காராது என்று, இளம்பெண் ஒருவர் டிஷ்யூவால் ஒரே துடைப்பில் துடைத்து மூடினார். எல்லாம் சேர்த்துச் சில நொடிகள். குப்பியை மெத்தனாலோடு முன்பே எடை போட்டு வைத்திருப்பதால், திரும்பி வந்ததும் மறுபடி எடை போட்டால் உள்ளே போன மண் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். மண்ணைத் தராசில் வைத்து மெதுவாக நிறுத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த யோசனை வந்தவருக்கு ஒரு சலாம்!

டீசல், எஞ்சின் ஆயில் மாதிரி கனமான சங்கதிகளுக்குத் தனி ஜாடி. அவை அவ்வளவு அவசரமாகப் பறக்காது. விளிம்பு வரை இடைவெளி விடாமல் மண்ணை அடைத்து மூடினால் போதும்.

ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மண்ணே இல்லாத குப்பி ஒன்று, வெறும் மெத்தனாலோடு, முத்திரை பிரிக்காமல் கிடந்தது.

"இதுல போட மறந்துட்டீங்களா?"

"ஐயோ மேடம், அதைத் தொடாதீங்க! அது டிரிப் பிளாங்க்" என்று பதறினார் அந்தப் பெண்.

பரிசோதனைக் கூடத்தில் மூடிய குப்பி அது. கூடவே கிளம்பி வரும், ஐஸில் உட்காரும், திறக்கப்படாமலே திரும்பிப் போகும். கடைசியில் அதையும் சோதிப்பார்கள். அதில் பென்சீன் தென்பட்டால் மண்ணிலிருந்து வந்திருக்க முடியாது. பெட்டியோ வண்டியோ பக்கத்துக் குப்பியோ கசிந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பெட்டியில் வந்த பென்சீன் முடிவுகளை எல்லாம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். தங்கள் வேலையில் தப்பு நடந்தால் தங்களையே காட்டிக் கொடுக்க ஒரு குப்பியைக் கூடவே சுமந்து திரிகிறார்களே, இந்த மனிதர்களை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

பெட்டியோடு ஒரு தாளும் போகிறது. யார் எடுத்தார், எந்த ஆழம், எத்தனை மணிக்கு, யார் கையிலிருந்து யார் கைக்கு. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தானாம். நடுவில் ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த மெஷினில் சோதித்திருந்தாலும் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது: 4 டிகிரி குளிரில், பென்சீன் குடும்பத்துக்குப் பொதுவாக 14 நாள் கெடு.

இனி பரிசோதனைக் கூடம். கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கும் என்று எதிர்பார்த்தால், ஒன்றுமே இல்லை. பென்சீன் சோதிக்கும் அறை தனி, அதன் ஏ.சி. தனி. கனமான எண்ணெயைப் பிரிக்கும் அறையில் கரைப்பான்கள் புழங்குகின்றன. அந்த ஆவி இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டடத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கனமான எண்ணெய் அறையில்தான் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். வரிசையாகக் கண்ணாடிக் கருவிகள். கீழே குடுவையில் கரைப்பான் கொதிக்கிறது. ஆவி மேலே போய்க் குளிர்ந்து, தாள் குப்பியில் வைத்திருக்கும் மண் மேல் சொட்டுச் சொட்டாக விழுகிறது. கரைப்பான் மெல்ல மெல்ல ஏறுகிறது, பக்கக் குழாயின் வளைவைத் தொடுகிறது, 'டபக்'கென்று மொத்தமும் கீழே இறங்கிவிடுகிறது! மறுபடி முதலிலிருந்து. மணிக்கு 4 முதல் 6 தடவை, 16 முதல் 24 மணி நேரம். ராத்திரி ஆள் தூங்கினாலும் இது கழுவிக்கொண்டே இருக்கும். சாக்ஸ்லெட் என்று பெயர். ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1879-ல் இதை விவரித்தார். எதற்கு? பாலில் எவ்வளவு கொழுப்பு என்று பார்க்க! பால்காரருக்காகப் பிறந்த கண்ணாடி இன்றைக்குப் பங்க்கின் கணக்கைப் பார்க்கிறது. அந்த 'டபக்' சத்தத்துக்காகவே அடுத்தடுத்த இறக்கங்களுக்குக் காத்து நின்றேன்.

கரைப்பானுக்கு நல்லது கெட்டது தெரியாது. பெட்ரோலியத்தை மட்டுமல்ல, மண்ணில் இருக்கும் சாணம், வேர், மக்கிய இலை எல்லாவற்றின் பிசுக்கையும் சேர்த்தே உருவிவிடும். அதனால் சாற்றை சிலிகா ஜெல் வழியாக இறக்குகிறார்கள். இயற்கைப் பிசுக்கில் பெரும்பகுதி அதில் ஒட்டிக்கொள்ள, எண்ணெய் மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. இந்த ஒரு படியை விட்டுவிட்டால், எருவடித்த நல்ல தோட்ட மண்ணைக்கூட எண்ணெய் பட்ட மண் என்று சொல்லிவிடலாம். ஆனாலும் இலைகளின் மேல் இருக்கும் மெழுகில் ஒரு பகுதி தப்பி வந்துவிடும். அதைப் பிடிக்க அடுத்த அறையில் ஆள் இருக்கிறார்.

ஆள் என்றது கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷினை. எல்லோரும் ஜி.சி. என்கிறார்கள். உள்ளே அடுப்பு. அடுப்புக்குள் சுருட்டி வைத்த மெல்லிய குழாய், நீளம் 30 மீட்டர், உட்புற விட்டம் கால் மில்லிமீட்டர். ஊசியால் ஒரு துளி சாற்றைச் செலுத்தினால், ஹீலியம் வாயு அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. அடுப்பு 40 டிகிரியில் தொடங்கி 300-க்கு மேல் ஏறுகிறது. லேசான மூலக்கூறு முதலில் கிளம்பும், கனமானது கடைசியில். மறுமுனையில் ஹைட்ரஜன் தீ. ஒவ்வொன்றும் வந்து அதில் எரியும்போது திரையில் ஒரு கோடு எழும்பி அடங்குகிறது. அந்த எழும்பலை 'பீக்' என்கிறார்கள்.

அங்கே இருந்த கெமிஸ்ட் அக்காவுக்கு இதில் பல வருஷப் பழக்கம். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பெட்ரோல் என்றால் ஆரம்பத்திலேயே கூட்டமாக முட்டி மோதிக்கொண்டு வந்து, சீக்கிரம் ஓய்ந்துவிடும். டீசல்தான் அழகு. சிறிதாகத் தொடங்கி, ஒரே சீரான இடைவெளியில் உயர்ந்து, மறுபடி தாழ்ந்து, ஏரிக்கரையில் நிற்கும் பனைமர வரிசை மாதிரி நிற்கிறது! எஞ்சின் ஆயிலுக்குத் தனித்தனிப் பீக்கே கிடையாது, கடைசிப் பக்கம் ஒரு மேடு மட்டும்.

"இப்ப இதைப் பாருங்க" என்று இன்னொன்றைத் திறந்தார். கார்பன் எண்ணிக்கை 27, 29, 31 உள்ள பீக்குகள் மட்டும் ஓங்கி நிற்க, இடையில் 28-ம் 30-ம் குட்டையாக இருந்தன. "ஒத்தைப்படை மட்டும் உசரமா இருந்தா அது இலை மெழுகு. செடி அப்படித்தான் செய்யும். பெட்ரோலியத்துக்கு ஒத்தை, ரெட்டை பேதம் கிடையாது."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. உதிர்ந்த இலைக்கும் கசிந்த டீசலுக்கும் இடையிலான வழக்கை ஒற்றைப்படை எண்கள் தீர்த்து வைக்கின்றன!

இன்னும் இருக்கிறது. மண்ணில் உள்ள பாக்டீரியாவுக்கு டீசலின் நேரான சங்கிலி மூலக்கூறுகள் என்றால் கொள்ளைப் பிரியம். அவற்றை முதலில் தின்னும். கிளை விட்ட மூலக்கூறுகளைத் தின்ன அதற்குச் சிரமம், அதனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைக்கும். 17 கார்பன் சங்கிலிக்குப் பக்கத்திலேயே பிரிஸ்டேன் என்ற கிளை மூலக்கூறும், 18-க்குப் பக்கத்தில் ஃபைட்டேனும் எழும்பும். புது டீசலில் நேரான சங்கிலி உயரமாக இருக்கும். நாள்பட்டதில் அது தேய்ந்து, பிரிஸ்டேனும் ஃபைட்டேனும் மட்டும் தலை தூக்கி நிற்கும். கசிவு புதிதா பழையதா என்று இதை வைத்துச் சொல்லலாம். 'கசிந்தது இன்ன வருஷம்' என்று இந்த விகிதத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். மண்ணின் ஈரம், காற்று, வெப்பம் எல்லாம் பாக்டீரியாவின் வேகத்தை மாற்றும்.

மெஷின் பொய் சொன்னால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இயற்கையிலும் பெட்ரோலிலும் சாதாரணமாகக் காணாத ஒரு பொருளைத் தெரிந்த அளவில் ஒவ்வொரு மாதிரியிலும் முதலிலேயே கலந்துவிடுவார்கள். கடைசியில் அது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பார்கள். 100 போட்டு 30 வந்தால், எண்ணெயும் வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த முடிவைக் கொடுக்காமல் திரும்பச் செய்ய வேண்டும். நான் இருந்தபோதே அப்படி ஒன்று குறைவாக வந்தது. அக்கா முகம் சுளிக்கவில்லை. "மறுபடி சாக்ஸ்லெட்டுக்குப் போடு தம்பி" என்றார். ஒரு முழு ராத்திரி வேலை!

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு. இன்றைய பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம் இருக்கலாம். ஒரு லிட்டருக்கு 10 மில்லி, அதாவது சுமார் 8.8 கிராம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்கள்: ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலின் பென்சீன், 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதுமானது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள் பென்சீன்.

கடைசியில் வருவது ஒரு எண். ஒரு கிலோ மண்ணுக்கு இத்தனை மில்லிகிராம். அதையும் உலர்ந்த மண்ணுக்குத்தான் சொல்ல வேண்டும். இன்னொரு பங்கு மண்ணை 105 டிகிரியில் காயவைத்து, ஈரத்தைக் கழித்துக் கணக்குப் போடுகிறார்கள். இல்லாவிட்டால் மழை நாளில் எடுத்த மண் சும்மாவே சுத்தமாகத் தெரியும்.

அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதுதான் எனக்கு ஆத்திரம் வந்த இடம். நம் ஊர் அறிக்கைகள் பலவற்றில் டச்சு நாட்டின் எண் ஒன்று சர்வ சாதாரணமாக உலவுகிறது: கனிம எண்ணெய்க்கு கிலோவுக்கு 5,000 மில்லிகிராம், அதற்கு மேல் போனால் தலையிட வேண்டும். ஆனால் அந்த 5,000 என்பது 10 சதவீதம் மக்கு (மக்கிய கரிமப் பொருள்) இருக்கும் மண்ணுக்குப் போட்ட கணக்கு. மக்கு குறைந்தால் எல்லையும் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள். 2 சதவீதமோ அதற்குக் கீழோ மக்கு உள்ள மணலுக்கு எல்லை 1,000-தான்! கடற்கரை மணலில் 3,000 வந்ததை 5,000-க்குக் கீழே என்று காட்டித் தப்பித்துக்கொள்வது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை.

இந்தியாவில் மாசுபட்ட நிலங்களுக்கென்றே தனி விதிகள் 2025 ஜூலையில் வந்தன, 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். சந்தேகத்துக்குரிய நிலத்தைப் பட்டியலிடுவது, சோதிப்பது, சுத்தப்படுத்துவது, கெடுத்தவரிடமே செலவை வாங்குவது எல்லாம் அதில் இருக்கின்றன. வரட்டும், நல்லது. ஆனால் விதியின் ஒவ்வொரு வரியும் கடைசியில் அந்த 5 கிராம் மண்ணின் மேல்தான் நிற்கிறது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுண்ணாம்புக்கல் பூமியில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்த வழக்கிலும் பரிசோதனை அறிக்கைகளைச் சுற்றித்தான் வாதம் நடந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கும்படி அந்த மின் நிறுவனத்துக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் 2019-ல் உத்தரவிட்டது.

நான் போன பங்க்கின் முடிவும் வந்தது. ஈர மணலுக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் பெட்ரோல் கூட்டம் கூட்டமாக எழும்பி நின்றது. டிரிப் பிளாங்க்கில் ஒன்றுமே இல்லை, நேர்க்கோடு! அந்த மண்ணைத் தோண்டி எடுத்துச் சுத்தப்படுத்தி, மறுபடி சோதித்துப் பார்த்த பிறகுதான் மேலே கட்டடம்.

உங்கள் தெருவில் பங்க்கோ, எண்ணெய்க் குழாயோ, கிடங்கோ இருந்து, 'சோதித்தாயிற்று, மண் சுத்தம்' என்று யாராவது சொன்னால், கடைசிப் பக்கத்து எண்ணோடு நிற்காதீர்கள். எந்த ஆழத்தில் மண் எடுத்தார்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, டிரிப் பிளாங்க்கில் என்ன வந்தது, ஜி.சி. படம் எங்கே என்று கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோப்பில் இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேட்டு ஒரு மனு போடுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.